சித்திரை வெயிலும் வீட்டு வேலியும்: மதுரைப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு வேலியின் வடமேற்கு மூலைக் கல் ஒரு மார்கழிக் காலையில் உள்பக்கமாகச் சாய்ந்து நின்றது. முந்தின நாள் மழை இல்லை, காற்றும் இல்லை. ஒரு வாரம் தெருவில் திரிகிற மாடுகளையெல்லாம் சந்தேகப்பட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது. ஏழு மாதத்துக்கு முன்னால், மே மாத உச்சி வெயிலில், தொய்ந்து கிடந்த கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டியவன் நான்தான்.

அன்றைக்கு எதிர்வீட்டுப் பெரியவர் திண்ணையில் இருந்தபடியே சொன்னார். "ஏப்பா, இந்த வெயில்ல கம்பிய இழுக்காத. இப்ப நீ இழுக்குற, மார்கழியில அது இழுக்கும்." "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு இன்னொரு முறுக்கு முறுக்கினேன்.

நம் ஊரில் வேலியைக் கெடுப்பது பெரும்பாலும் வெயில்தான். ஆனால் கெட்டது கண்ணுக்குத் தெரிவது ஆடிக் காற்றிலோ, ஐப்பசி மழையிலோ, மார்கழிக் குளிரிலோதான். அதனால் பழியும் அவற்றின் மேல் விழுகிறது. கோடையில் எதைச் செய்வது, எதைத் தொடாமல் விடுவது என்று நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

எந்த மாதம் எந்த வேலை

குழி தோண்டுவது, கான்கிரீட் போடுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் மாசி, பங்குனியில் முடிந்துவிட வேண்டும். பிந்தினாலும் அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் முடியட்டும். அதன்பின் கத்திரி. பெரும்பாலும் மே 4-ல் தொடங்கி 28 வரை ஓடும் அந்த நாட்களில் 40 டிகிரியைத் தாண்டுவது மதுரைக்குப் புதிதல்ல. அப்போது வேலிக்குப் பெரிய வைத்தியம் எதுவும் வேண்டாம். தண்ணீர் ஊற்றுவது, சருகு அள்ளுவது, ஒரு கண் வைத்திருப்பது, அவ்வளவு போதும். ஆனியில் மறுபடி ஒரு நாள் ஒதுக்குங்கள், அது ஆடிக் காற்றுக்காக. உயிர்வேலி புதிதாக நடுவதென்றால் புரட்டாசிக்கு மேல்தான். நமக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தானே வருகிறது.

நாளில் எந்த நேரம் என்றால், காலை 6 முதல் 9 வரை, கான்கிரீட் மட்டும் சாயங்காலம். ஆள் வைத்துச் செய்தாலும் அதே நேரம்தான். பத்து மணிக்கு மேல் கடப்பாரையைக் கையில் பிடிக்க முடியாது. வேலை செய்கிறவருக்கு உப்புப் போட்ட நீர்மோர் ஒரு செம்பு பக்கத்திலேயே இருக்கட்டும். தலை சுற்றுகிறது என்று ஒருவர் சொன்னால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சுற்று

கையில் ஒரு சாக்பீஸ், ஒரு தூக்குக்குண்டு, ஒரு சின்னச் சுத்தியல். வேலியை ஒட்டி ஒரு சுற்று நடந்து வாருங்கள். ஒவ்வொரு தூணையும் நெஞ்சு உயரத்தில் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டுங்கள். அசையாவிட்டால் அடுத்ததற்குப் போகலாம். அசைந்தால் குனிந்து அடியைப் பாருங்கள். தூணோடு சேர்ந்து மண் விலகினால் கோளாறு மண்ணில். மண் அப்படியே இருக்க, தூண் மட்டும் மண்மட்டத்தில் வளைந்தால் கோளாறு தூணில். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாத் தூணுக்கும் அடியில் சிமென்ட் கொட்டுகிறவர்கள் நிறைய. துருப்பிடித்த இரும்புத் தூணைச் சுற்றிச் சிமென்ட் கொட்டினால் தூண் நிற்காது, துருதான் கண்ணுக்கு மறையும்.

இரும்புக் குழாயாக இருந்தால் மண்மட்டத்தில் சுத்தியலால் தட்டிக் காதால் கேளுங்கள். மேலே கணீரென்று கேட்பது கீழே பொத்தென்று கேட்டால் உள்ளே அரித்துவிட்டது. சந்தேகமான தூணுக்கெல்லாம் சாக்பீஸில் ஒரு கோடு.

இந்தச் சுற்றிலேயே இன்னொன்றும் பார்த்துக்கொள்ளலாம். கோடையில் புல் காய்ந்து கிடப்பதால் எல்லைக்கல் கண்ணில் படும். சாய்ந்த தூணைப் பிடுங்கி நடுகிறபோது அரை அடி அங்கே இங்கே போய்விடுவதும், பிறகு பக்கத்து வீட்டோடு ஆயுசுக்கும் பேச்சு இல்லாமல் போவதும் நடக்கிற கதைதான். சந்தேகம் இருந்தால் பட்டாவையும் புலப்படத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு நிறுத்தி, அவர் கண் முன்னால் குழி தோண்டுங்கள். "வேலிக்கு ஓணான் சாட்சி" என்பார்கள். ஓணான் சாட்சி நில அளவரிடம் செல்லாது.

கம்பி: எப்போது இழுப்பது, எவ்வளவு இழுப்பது

இந்த இடத்தில்தான் நான் ஏமாந்தேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரும்புக் கம்பி சூட்டில் நீளும். விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் இடையில் கம்பியின் சூடு 30 டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மீட்டர் இடைவெளியில் அது நீளுவது வெறும் 1 மில்லிமீட்டர்தான். ஆனால் காலையில் நேராக நின்ற கம்பி அந்த 1 மில்லிமீட்டருக்கே நடுவில் ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர் தொய்ந்துவிடும். பார்க்கிறவருக்கு வேலியே தளர்ந்துவிட்டதாகத் தோன்றும். உடனே கொறடை எடுத்துக்கொண்டு கிளம்புவோம்.

அப்படி வெயிலில் விறைப்பாகக் கட்டியது குளிர்காலத்தில் சுருங்க வேண்டும், ஆனால் சுருங்க இடம் இருக்காது. 12 கேஜ் (சுமார் 2.6 மில்லிமீட்டர் தடிமன்) ஒற்றைக் கம்பி, இரண்டு முனையும் அசையாமல் பிடித்திருக்கையில், 35 டிகிரி குளிர்ந்தால் அதன் இழுவை 40 கிலோவுக்கு மேல் கூடும். ஐந்து வரிசைக் கம்பி என்றால் 200 கிலோ, மூலைக் கல்லின் தலையில். நடுவில் உள்ள தூண்களுக்கு இரண்டு பக்கமும் இழுவை சமமாக இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. மூலைத் தூண்தான் மாட்டிக்கொள்ளும்.

ஆக, செய்ய வேண்டியது இது. விடியற்காலையில், கம்பி தொட்டால் குளிர்ந்திருக்கிற நேரத்தில் மட்டும் இழுங்கள். அதற்கு முன் மூலைத் தூண்களுக்கு முட்டுக்கல், அதாவது சாய்வாக முட்டுக்கொடுக்கிற கல், இருக்கிறதா, அது ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மூலைக்கு இரண்டு முட்டுக்கல், ஒவ்வொரு பக்கத்து வேலியின் நேர்கோட்டிலும் ஒன்று. முட்டுக்கல் இல்லாத மூலையில் கம்பியை இழுப்பதும் மூலையைச் சாய்ப்பதும் ஒன்றுதான்.

பிறகு நடுத் தூண்களில் உள்ள கட்டுகளைத் தளர்த்துங்கள். கம்பி அவற்றின் வழியே வழுக்கிப் போக வேண்டும், இல்லாவிட்டால் முனையில் எவ்வளவு இழுத்தாலும் நடுவில் தொய்வு அப்படியேதான் இருக்கும். ஒரு முனையில் ஆரம்பித்து மேல் கம்பி, கீழ் கம்பி, நடுக் கம்பி என்று மாற்றி மாற்றி இழுங்கள். கடப்பாரையில் ஒரு சுற்றுச் சுற்றி நெம்புவதுதான் நம் ஊர் வழக்கம், அதுவே போதும். இரண்டு தூணுக்கு நடுவில் கட்டைவிரலால் கம்பியை அழுத்திப் பாருங்கள், இரண்டு விரல் அகலம் கொடுக்க வேண்டும். வீணைக் கம்பி மாதிரி 'டிங்' என்று ஒலித்தால் அதிகமாகிவிட்டது. கொஞ்சம் விடுங்கள்.

ஒரே ஒரு இடைவெளியில் மட்டும் தொய்வு என்றால் முழு வேலியையும் பிரிக்க வேண்டியதில்லை. கொறடால் கம்பியைப் பிடித்து அந்த இடத்தில் ஒரு சின்ன நெளிவு கொடுத்தால் தொய்வு அடங்கிவிடும். அந்த நெளிவு வெயிலிலும் குளிரிலும் கொஞ்சம் கொடுத்து வாங்கும் என்பது கூடுதல் லாபம்.

கட்டுக்கம்பி வாங்கும்போது கட்டடத்தில் கம்பி கட்டுகிறவர்கள் பயன்படுத்தும் கறுப்புக் கம்பியை வாங்கி வந்துவிடாதீர்கள். அது ஒரு மழைக்குள் துருப்பிடித்துவிடும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) கட்டுக்கம்பி என்று கேட்டு வாங்குங்கள். முள்கம்பியிலோ வலையிலோ வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் பயப்பட வேண்டாம், அது மேலே உள்ள துத்தநாகப் பூச்சு. செம்பழுப்பு தெரிந்தால்தான் உள்ளே இருக்கிற இரும்பு பேச ஆரம்பித்திருக்கிறது. அந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ஜிங்க் பெயின்ட் தொட்டு வையுங்கள். வெட்டிய முனைகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

தூண்: கல், சிமென்ட், இரும்பு, மரம்

கல் தூண் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மேலூர்ப் பக்கத்துக் கல்லை வெயில் ஒன்றும் செய்யாது. அதற்கு எதிரி நெருப்பு. வேலியோரம் குப்பையைக் கொளுத்துகிறோமே, அந்தச் சூட்டில் கல்லின் மேல்தோல் சிம்பு சிம்பாகப் பெயர்ந்து வரும். அந்தக் காலத்தில் பாறையைப் பிளந்ததே நெருப்பு மூட்டித்தானே.

சிமென்ட் தூணில் நீளவாக்கில் ஒரு கோடு போலக் கீறல் ஓடினால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்புகிறது என்று பொருள். தொடக்கமாக இருந்தால் தளர்ந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்துத் துரு நீக்கி, சிமென்ட் 1-க்கு மணல் 3 கலவையால் பூசிவிடலாம். மண்மட்டத்தில் குறுக்கே கீறல் என்றால் அந்தத் தூணை மாற்றத்தான் வேண்டும்.

மதுரை கடலோர ஊர் இல்லை, உப்புக்காற்றுத் தொல்லை கிடையாது. ஆனால் போர் தண்ணீரின் உப்பு இருக்கிறது. வேலியோரச் செடிக்கு அந்தத் தண்ணீரைப் பீய்ச்சும்போது தினமும் தூணின் அடி நனைந்து காய்ந்து நனைகிறது. எங்கள் வீட்டு இரும்புக் கேட்டின் தூணில் சரியாக ஹோஸ் தண்ணீர் படுகிற பக்கம் மட்டும் உரித்த வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காகத் துரு. மறுபக்கம் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்தது போலவே இருக்கிறது. தூணைச் சுற்றி மண்மட்டத்துக்கு இரண்டு விரல் உயரமாகச் சிமென்ட் பூசி, தண்ணீர் வெளியே வழிகிற மாதிரி சரிவு கொடுங்கள். தண்ணீரைச் செடியின் வேரில் ஊற்றுங்கள், தூணுக்கு வேண்டாம்.

மரக்கால், மூங்கில், பனைமட்டை எல்லாவற்றுக்கும் ஒரே கவலை, கரையான். கோடையில் தரைக்குள் ஈரம் குறையும்போது அது தண்ணீர் ஊற்றுகிற இடத்தைத் தேடி வரும். மரத்தின் மேல் மண் கோடு ஏறியிருந்தால் சுரண்டிவிட்டு, கத்தி முனையால் குத்திப் பாருங்கள். முனை எளிதில் இறங்கினால் கால் போய்விட்டது. புதிதாக நடுகிற மரக்காலுக்கு மண்ணுக்குள் போகிற பகுதியும் மேலே அரை அடியும் தார் பூசி நன்றாகக் காயவிட்டு நடுங்கள். பழைய இன்ஜின் ஆயிலை அடியில் ஊற்றுகிற பழக்கம் இருக்கிறது. கிணறோ போரோ பக்கத்தில் உள்ள வீட்டில் அதைச் செய்யாதீர்கள்.

கரிசலில் வேலி போட்டவர்களுக்கு

என் மச்சானுக்குத் திருமங்கலம் பக்கம் கொஞ்சம் கரிசல் இருக்கிறது. வைகாசியில் அந்த மண்ணின் வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். செம்மண் நிலத்து வேலி ஆலோசனை எதுவும் அங்கே செல்லாது. மண் சுருங்கித் தூணை விட்டு விலகிவிடும். தூண் ஒரு பக்கம் சாயும். மழை வந்து மண் உப்பும்போது சாய்ந்த நிலையிலேயே இறுகப் பிடித்துக்கொள்ளும்.

வெடிப்பில் தண்ணீர் ஊற்றி மூடுவதும், அதே மண்ணை அள்ளிப் போட்டு மிதிப்பதும் இரண்டு வாரத்துக்குத்தான். நிலையாக வேண்டுமென்றால் தூணை எடுத்துவிட்டுக் குழியை ஆழமாக்க வேண்டும். செம்மண்ணில் 7 அடித் தூணுக்கு 2 அடி புதைத்தால் நின்றுவிடும், கரிசலில் இரண்டரை முதல் 3 அடி வரை போங்கள். அப்படியானால் தூணும் அதற்கேற்ற நீளமாக வேண்டும். குழியின் அடியில் அரை அடி ஜல்லி, அதன்மேல் தூண், சுற்றிலும் 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) கான்கிரீட். மேல்மட்டத்தில் அரை அடி ஆழத்துக்குத் தூணைச் சுற்றியுள்ள கரிசலை எடுத்துவிட்டுச் சரளை மண் நிரப்புங்கள். சரளை சுருங்காது, வெடிப்பு தூண் வரை வராமல் தள்ளி நிற்கும்.

எந்த மண்ணாக இருந்தாலும், கோடையில் கான்கிரீட் போடுவது சாயங்காலம்தான். குழியை முதலில் நனைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கலவையின் தண்ணீரைக் காய்ந்த மண் உறிஞ்சிக்கொள்ளும். ஜல்லியை வெயிலில் குவித்து வைத்திருந்தால் அதற்கும் ஒரு வாளி தண்ணீர். போட்ட மறுநாளிலிருந்து 10 நாள் சணல் சாக்கைச் சுற்றி ஈரம் காயாமல் வைக்க வேண்டும். காலையில் ஒரு தடவை ஊற்றிவிட்டு ஆபீஸ் போனால் பத்து மணிக்கே சாக்கு அப்பளமாகிவிடும், ஆகவே மத்தியானம் ஊற்ற வீட்டில் யாரிடமாவது சொல்லி வையுங்கள். அந்த 10 நாளும் தூணில் கம்பி மாட்டாதீர்கள்.

பெயின்ட்

உள்ளங்கையை இரும்பின் மேல் வைத்துப் பத்து எண்ணுங்கள். எண்ணி முடிக்க முடியவில்லை என்றால் அதில் பெயின்ட் அடிக்கக் கூடாது. சூட்டில் மேல்பகுதி சட்டென்று காய்ந்து, உள்ளே இருக்கிற தின்னர் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் போடும். பிரஷ் கோடும் அப்படியே நிற்கும்.

கம்பி பிரஷ், பிறகு உப்புத்தாள், பிறகு தின்னர் நனைத்த துணி. தூசி துடைத்த அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட். மறுநாள் எனாமல், அது காய்ந்ததும் இன்னொரு கோட். புது ஜி.ஐ. குழாயில் எனாமலை நேரடியாக அடித்தால் ஒரு வருடத்தில் தோல் தோலாக உரியும். அதற்கென்று உள்ள பிரைமர் அடித்த பிறகுதான். கேட்டுக்கு வெளிர் நிறம் நல்லது. கறுப்பு அழகுதான், ஆனால் மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை தொட்டுத் திறக்க வேண்டுமே. கீலுக்கு எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும், கிரீஸை அப்பினால் தெருப்புழுதி எல்லாம் அதில் வந்து உட்கார்ந்துவிடும்.

உயிர்வேலி

கிளுவை வேலி வைத்திருக்கிறவர்களிடம் ஒரே வேண்டுகோள். சித்திரையில் அதைப் பார்த்துவிட்டுப் பட்டுப்போய்விட்டது என்று வெட்டாதீர்கள். கோடையில் அது இலை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கும். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். காகிதம் போன்ற மேல்தோல் உரிந்து, அடியில் பச்சையும் கொஞ்சம் பிசுபிசுப்பும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, மொறமொறவென்று இருந்தால் அந்தக் குச்சியை மட்டும் குறித்து வையுங்கள், புரட்டாசியில் பக்கத்துக் கிளையையே வெட்டி அந்த இடத்தில் ஊன்றலாம்.

வேர் பிடித்த கிளுவை, கள்ளி, ரயில் கற்றாழை ஆகியவற்றுக்குத் தண்ணீர் தேவையில்லை. நொச்சி, ஆடாதொடைக்கு வாரம் ஒரு முறை ஊற்றினால் இலை கொட்டாமல் இருக்கும். போன மழைக்கு நட்ட கன்றுகள்தான் கவனிப்புக் கேட்பவை. வாரம் இரண்டு முறை, சாயங்காலம், வேரடியில் பாத்தி கட்டி, நின்று நிதானமாக ஊறுகிற மாதிரி ஊற்றுங்கள். தினமும் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும். தென்னை மட்டையோ சருகோ வேரடியில் பரப்பினால் ஈரம் நிற்கும். ஆனால் கரையான் இருக்கிற இடத்தில் தண்டை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளியே பரப்புங்கள்.

கத்திரியில் ஆழமாகக் கவாத்து செய்ய வேண்டாம். வெட்டுவாயில் நேர் வெயில் பட்டுக் கிளை கருகும். வேலியில் படர்ந்த கோவையும் பிரண்டையும் பார்க்க ஒழுங்கில்லாமல் இருந்தாலும் அடியில் நிழல் தருகிறவை. துவையலுக்கு ஒடிக்கிற அளவுக்கு ஒடித்துக்கொண்டால் போதும்.

சீமைக்கருவேலம் மட்டும் வேலியாக வேண்டாம். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையொட்டி ஊரெங்கும் அதை வெட்டினார்கள். வேரோடு எடுக்காத இடங்களில் எல்லாம் மறுபடி துளிர்த்துவிட்டது. வெட்டிய முள்ளை வேலியோரம் படலாக அடுக்குவதும் கோடையில் ஆபத்து, ஒரு பீடித் துண்டு போதும்.

நெருப்பு, பாம்பு, மின்சாரம்

வேலியின் இரண்டு பக்கமும் 3 அடி அகலத்துக்குக் காய்ந்த புல்லைச் செதுக்கி எடுத்துவிடுங்கள். செதுக்கியதை அங்கேயே கொளுத்தாதீர்கள், குழி வெட்டிப் போட்டு மூடினால் அடுத்த வருடம் செடிக்கு ஆகும். தீ பிடித்துவிட்டால் 101.

சருகுக் குவியலையும் கல்லையும் வெறுங்கையால் புரட்டக் கூடாது. கோடையில் குளிர்ந்த இடம் தேடுவது நாம் மட்டுமில்லை, பாம்பும் தேளும்தான். முதலில் கம்பால் தட்டுங்கள். கடித்துவிட்டால் வாயால் உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு நேராகப் பெரியாஸ்பத்திரி.

வேலிக் கம்பியை மின்கம்பத்திலோ அதன் இழுவைக் கம்பியிலோ கட்டாதீர்கள். கோடை மழையோடு வருகிற சூறைக்காற்றில் மின்கம்பி அறுந்து வேலிமேல் விழுந்திருந்தால் கிட்டே போகாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். பன்றிக்காக, திருட்டுக்காக என்று வீட்டு லைனிலிருந்து வேலிக்குக் கரண்ட் கொடுப்பது குற்றம். உயிரும் போகும்.

ஆனியில் ஒரு நாள்

கம்பி வேலியை மறைக்கப் பச்சை வலை கட்டியிருந்தால் இதுதான் அதைப் பார்க்கிற நேரம். 50 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் 12 கிலோ அளவுக்குத் தள்ளும். இரண்டு தூணுக்கு நடுவில் 3 மீட்டருக்கு 6 அடி உயரம் தகரமோ தட்டியோ முழுதாக மறைத்திருந்தால் 60 கிலோவுக்குக் குறையாது. வலை காற்றைக் கொஞ்சம் விடும் என்றாலும் பாய்மரம் மாதிரி உப்பத்தான் செய்யும். வெயிலில் வெந்த வலையை விரலால் கசக்கிப் பாருங்கள், பச்சைப் பொடி உதிர்ந்தால் மாற்ற வேண்டியதுதான். வலையின் அடிப்பகுதியை இறுக்கமாகவும், மேல் விளிம்பைக் கொஞ்சம் தளர்வாகவும் கட்டினால் காற்று வேகத்தில் மேலே பிய்த்துக்கொண்டு போகுமே தவிரத் தூணைச் சாய்க்காது. வலையைக் கட்டுகிற வெள்ளை நிற பிளாஸ்டிக் டேக் ஒரு கோடைக்குப் பிறகு தொட்டாலே ஒடியும். கறுப்பு டேக் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். நான் இப்போது சணலுக்கு வந்துவிட்டேன்.

சாய்ந்த மூலைக் கல்லை அடுத்த மாசியில் நிமிர்த்தி, இரண்டு பக்கமும் முட்டுக்கல் கொடுத்தேன். கம்பியைக் காலை ஆறரைக்கு இழுத்துக் கட்டினேன். பெரியவர் தெருவைத் தாண்டி வந்து, நடுக் கம்பியைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டீக்கடைப் பக்கம் போனார்.